‘காரணம் கேளாப் பணி’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

> அமெரிக்காவில் பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு வேலையை விட்டு அனுப்பினால்கூட வழக்கு நிற்காது என்கிறார்கள். இந்த ‘அட்-வில்’ முறையைத் தமிழில் ‘விருப்பப் பணி’ எனலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. விருப்ப ஓய்வு, விருப்பப் பாடம் என்கிறோம். அங்கெல்லாம் விருப்பம் ஓய்வு பெறுபவருடையது, படிப்பவருடையது. அந்தப் பழக்கத்தில் ‘விருப்பப் பணி’யைத் தொண்டூழியம் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். ‘தற்காலிகப் பணி’யும் ஒத்துவராது. இருபது ஆண்டு ஒரே இடத்தில் உழைத்தவரும் இந்த முறைக்குள்தான் இருக்கிறார்.

காலவரை குறிக்காமல் ஒருவரை வேலைக்கு வைத்தால், இரு தரப்பில் எவரும் எப்போதும் அதை முடித்துக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பதே இந்த முறை. 1877இல் ஹோரஸ் உட் என்ற சட்ட நூலாசிரியர் இதை அமெரிக்க விதியாக எழுதிவைத்தார். 1884இல் டென்னசி உச்ச நீதிமன்றம் ஒரு ரயில்வே வழக்கில் இன்னும் ஒரு படி போனது: நல்ல காரணத்துக்காகவும் நீக்கலாம், காரணமே இல்லாமலும் நீக்கலாம், அறத்துக்குப் புறம்பான காரணத்துக்காகவும் நீக்கலாம். மாநிலங்களில் மான்டானா மட்டும் 1987இல் தனிச் சட்டம் இயற்றி, தகுதிகாண் பருவம் முடிந்தவரை நல்ல காரணமின்றி நீக்கக் கூடாது என்றது.

தாமதத்துக்கு வருவோம். பேருந்து பழுதானதா, முன்பு எச்சரித்தார்களா, பத்து நிமிடத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று எதையும் அங்கே நீதிமன்றம் கேட்பதில்லை. பெரும்பாலும் உண்மையான காரணம் சட்டம் தடுத்த ஒன்றா என்று மட்டுமே பார்க்கும். 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின்படி இனம், மதம், பாலினம் போன்றவை காரணமாகக் கூடாது. 1990இல் இயற்றிய தனிச் சட்டத்தால் உடற்குறைபாடும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஒரே அளவு தாமதமாக வரும் பலரில் ஒரு கறுப்பினத்தவரை மட்டும் அனுப்பினால், தாமதம் வெறும் சாக்கு என்று வாதாட இடமுண்டு. எல்லாரையும் ஒரே கண்டிப்போடு அனுப்பினால் அந்த வாதமும் போய்விடும்.

நம் ஊர்த் தொழிற்சாலைகள் பழகிய 1946 மாதிரி நிலையாணைகளில், அதாவது ஊழியர்களுக்கான பணி விதிகளில், ‘வழக்கமாகத்’ தாமதமாக வருவதே ஒழுங்கீனம் எனப்பட்டது. அதற்கும் மெமோ கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை வைக்க வேண்டும். இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு மெமோ இல்லாத நீக்கம் என்றாலே சட்டவிரோதம்தான். அமெரிக்கப் பணி நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் நம் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் நம்பிக்கொண்டு போகிறார்கள். எச்1பி வேலை விசாவில் இருப்பவர் வேலை போனால், வேறு வேலையோ விசாவோ பார்த்துக்கொள்ளாவிட்டால், அதிகம் போனால் 60 நாள்தான் அங்கே தங்கலாம். இரு தரப்புக்கும் சம உரிமை என்பது அவருக்குக் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. கலைச்சொல் அவரை எச்சரிக்க வேண்டாமா?

> நம் அரசமைப்பின் 310ஆம் உறுப்பு, குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பதவி என்கிறதே. அதையே வைத்துக்கொள்ளலாமே?

அது அரசு ஊழியருக்கானது. அடுத்த 311ஆம் உறுப்பே, சில விதிவிலக்குகளோடு, விசாரணையின்றி நீக்கக் கூடாது என்று கட்டுப்போட்டுவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், இல்லாத பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும்.

ஆகவே, யாருடைய விருப்பம் என்பதை விட்டுவிட்டு, காரணம் கேட்கப்படுவதில்லை என்பதைச் சொல்லில் வைப்போம்: காரணம் கேளாப் பணி. அழியாப் புகழ், ஓயாச் சண்டை என்பன போல இயல்பான எதிர்மறைப் பெயரெச்சம். தொழிலாளி திடீரென்று விலகினாலும் சட்டம் காரணம் கேட்பதில்லை என்பதால் இரு தரப்புக்கும் பொருந்தும். ‘காரணம் வேண்டா வேலை’ என்று முன்னரே ஒரு பரிந்துரை வந்தது. பொருள் சரிதான், ஆனால் ‘உனக்கேன் இந்த வேண்டாத வேலை’ என்பது காதில் விழுந்துவிடுகிறது.

இதற்கு எதிரான ஏற்பாட்டைத் தகுகாரணப் பணி எனலாம். தொழிற்சங்க ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. நியூயார்க் நகரம் 2021இல் துரித உணவுச் சங்கிலிக் கடை ஊழியர்களுக்கும் அதைச் சட்டமாக்கியது. சட்டம் தடுக்கும் காரணங்களைத் தடைக்காரணம் என்போம். காரணம் கேளா நீக்கம், காரணம் கேளா விலகல் என்று கிளைச் சொற்களும் சிரமமின்றி வருகின்றன.

‘ரைட் டு ஒர்க்’ சட்டங்களை இதோடு குழப்ப வேண்டாம். அவை தொழிற்சங்கக் கட்டணத்தைக் கட்டாயமாக்குவதைத் தடுப்பவை. ‘வேலை உரிமை’ என்று அப்படியே பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும், அதற்குத் தனி இழை வேண்டும்.

ஒன்று பாக்கி. உண்மைக் காரணத்தை மறைக்கக் காட்டும் காரணத்துக்கு மேலே ‘சாக்கு’ என்று எழுதியிருக்கிறேன். பேச்சில் அது நன்றாக நிற்கிறது. தீர்ப்பிலும் மனுவிலும் ‘போலிக்காரணம்’ பொருந்துமா, அல்லது சாக்கையே வைத்துக்கொள்ளலாமா? நீதிமன்றத் தமிழ் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.