மறு: பிரஷர் அளவுகளுக்குச் செயலி சொல்லும் பொருள் – ‘அளவுரை’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

நேற்று வந்த எல்லா மடல்களையும் படித்துவிட்டேன். வீட்டில் எடுத்த இரத்த அழுத்த அளவுகளைச் செயலியில் போட்டால், அது அவற்றைப் பார்த்து ஒரு பொருள் சொல்கிறதே, அந்த வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம். விளக்கம், பகுப்பாய்வு, கணிப்பு, நோயறிதல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைசிச் சொல்லை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சேலம் அம்மாப்பேட்டையில் எங்களுடையது தறி வீடு. போன மாதம் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கியவர், அந்த மூச்சிரைப்போடே உட்கார்ந்து பிரஷர் கருவியின் கைப்பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். 162/94. போனில் இருந்த ஒரு செயலியில் அதைப் போட்டதும் திரை சிவப்பாகி, ‘நோயறிதல்: அபாய நிலை’ என்று காட்டியது. “இது என்ன கண்ணு, அபாயம்னு போட்டிருக்குது?” என்று என்னிடம் கேட்டார். நான் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் எடுத்துப் பார்த்தால் மேல் எண் 168.

எங்கள் டாக்டர் அந்தத் திரையைப் பார்க்கவே இல்லை. ஒரு நோட்டுப் போடச் சொன்னார். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம் விட்டு, ஏழு நாள். எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் முதுகு சாய்த்து உட்கார வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். காப்பி குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கைப்பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்று சொல்லி அதையும் மாற்றச் சொன்னார். முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு, மீதி 24 அளவுகளின் சராசரியைப் போட்டார். 133/82.

இனிதான் நம் சொல்லுக்கான விஷயம். இந்த 133/82-க்கு என்ன பொருள்? ஐரோப்பிய வழிகாட்டுதல்படி வீட்டு அளவில் 135/85-ஐத் தொட்டால்தான் உயர் இரத்த அழுத்தம். அம்மா அதற்குக் கீழே. 2017-ல் அமெரிக்க இதயச் சங்கமும் இதயவியல் கல்லூரியும் கொண்டுவந்த வரையறையில் 130/80-லேயே உயர் இரத்த அழுத்தத்தின் முதல் நிலை தொடங்கிவிடுகிறது. அதன்படி அம்மா உள்ளே. எண் ஒன்றுதான், சொல்லப்படும் பொருள் இரண்டு. ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒன்று சொல்ல, பரிமேலழகர் வேறொன்று சொல்வதை நாம் பள்ளியிலேயே பார்த்திருக்கிறோம். அதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: உரை.

அதனால் நான் முன்வைப்பது அளவுரை. அளவுகளுக்கு எழுதப்படும் உரை. அதைச் செய்வது அளவுரைச் செயலி.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, உரை என்றாலே மூலம் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதை அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. மூலம் அம்மாவின் நோட்டு. உரை மாறலாம், இன்னொருவர் வேறு உரை சொல்லலாம். ‘நோயறிதல்’ என்றால் அந்த இடமே இல்லை, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ‘கணிப்பு’ என்றால் ஜாதகக் கட்டுதான் கண்முன் வருகிறது. ‘பகுப்பாய்வு’ தவறில்லை, ஆனால் செயலி இங்கே பகுக்கவில்லை, சேர்த்துப் பார்க்கிறது. ‘விளக்கம்’ ஏற்கெனவே நம் செயலியின் உதவிப் பக்கத்துக்குப் பெயராகப் போய்விட்டது.

ஏற்காட்டிலிருந்து எழுதிய தோழி, நாகலூர்ப் பக்கம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும்போது, “மிஷின் என்ன சொல்லுது?” என்றுதான் கேட்பார்கள் என்று எழுதியிருந்தார். அவர் அதைப் போகிற போக்கில் சொன்னார், எனக்கு அதுவே பெரிய சான்று. உரைத்தல் என்றால் சொல்லுதல்தானே. நகைக்கடையில் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும் சேலத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சொல்வதும் தரம் பார்ப்பதும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன.

ஒரு குறை இருக்கிறது. பேச்சில் ‘அளவுறை’ என்று காதில் விழலாம், கைப்பட்டையைச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். ஆகவே கைப்பட்டைக்கு ‘உறை’ என்ற சொல்லை எங்குமே வைக்க வேண்டாம், பட்டை என்றே இருக்கட்டும்.

அளவு தருவதே கருவிதான், பிறகு எது மூலம் என்று ஓர் ஐயா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்ன முறையில் டாக்டர் காதால் ஒலி கேட்டு எண்ணைக் குறிக்கிறார். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் காற்றில் வரும் அதிர்வைப் பிடித்து, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டு எடுக்கின்றன. அதனால் கருவிக்குள்ளும் கொஞ்சம் உரை நடக்கிறது, உண்மை. ஆனாலும் அம்மா நோட்டில் எழுதும் எண்ணை மூலம் என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்குச் சரி என்று எனக்குப் படுகிறது.

1916-ல் ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபோது அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கவென்றே ஒரு சங்கம் தொடங்கினார். வேதியியல், தாவரவியல் என்று அவர்கள் உட்கார்ந்து சொல் தேடிய ஊரிலிருந்து எழுதுகிறேன் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

சரி, நம் செயலியின் திரைக்கு நான் எழுதிய வரி இது:

“ஆறு நாளில் எடுத்த 24 அளவுகளின் சராசரி 133/82. அளவுரை: ஐரோப்பிய வழிகாட்டுதலின் வீட்டு எல்லையான 135/85-க்குக் கீழ். இந்தக் குறிப்பை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.”

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ‘எல்லை’ என்றால் ஏதோ ஊர் எல்லை மாதிரி இருக்கிறது, ‘வரம்பு’ என்று போடு என்கிறார். எனக்கும் வரம்பே மேல் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கருத்தைச் சொன்னால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.