ஒரே குவாட்ரட்டில் எனக்கு 35, நண்பருக்கு 60: எங்கே தப்பு?

கேள்வி:
மேய்ச்சலை நிறுத்தி வேலி போட்ட புல்வெளியில் 24 நிரந்தரக் குவாட்ரட்கள் (செடிகளைக் கணக்கெடுக்கத் தரையில் வைக்கும் சதுரச் சட்டங்கள்) வைத்திருக்கிறோம், எல்லாம் 1 மீ × 1 மீ. ஒவ்வொரு சிற்றினமும் தரையில் எத்தனை சதவீதத்தை மூடியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் குறிக்கிறோம். முதல் சுற்று நான், இரண்டாம் சுற்று நண்பர். புல் நன்றாகக் கூடியிருந்தது, சந்தோஷப்பட்டோம். அப்புறம் சந்தேகம் வந்து ஒரே சட்டத்தை ஒரே நாளில் தனித்தனியாகப் பார்த்தால், தூர்கட்டி வளரும் ஒரு புல்லுக்கு நான் 35, அவர் 60. முதல் சுற்றில் ஒரு சட்டத்தில் எல்லாவற்றையும் கூட்டினால் 118 வந்தது, தப்பு என்று நினைத்து எண்களைக் குறைத்து 100 ஆக்கினேன். வளர்ந்தது புல்லா, இல்லை ஆள் மாறியதுதானா?

பதில் 1:
அந்த 118ஐத் திரும்ப எழுதுங்கள், அது தப்பே இல்லை. செடிக்கு மேல் செடி படர்ந்திருந்தால் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டத்தான் செய்யும். அடுத்து, தூருக்குள் இலைகளுக்கு நடுவே தெரியும் மண்ணை உங்கள் நண்பர் சேர்க்கிறாரா என்று கேளுங்கள். தூரின் வெளிக்கோட்டை வரைந்து உள்ளே முழுவதையும் எண்ணுவது ஒரு முறை, இலை மறைத்த இடத்தை மட்டும் எண்ணுவது இன்னொரு முறை. இரண்டும் சரிதான், ஆனால் ஒரே ஆய்வில் கலக்கக் கூடாது. வெளியே வேரூன்றி உள்ளே சாய்ந்த இலைக்கும் இப்படியே ஒரு விதி வேண்டும். மூடலுக்கு அது சேரும், எண்ணிக்கைக்குச் சேராது.

பதில் 2:
சரியான எண்ணுக்குப் பதிலாக, மூடல் சதவீதத்தை ஆறாகப் பிரிக்கும் டாபன்மையர் வகுப்புகளில் (0–5, 5–25, 25–50, 50–75, 75–95, 95–100) குறித்தால் சின்னச் சின்ன வேறுபாடுகள் அடங்கிவிடும்.

கேட்டவர்:
அதில் போட்டாலும் 35ம் 60ம் வேறு வேறு வகுப்பில்தானே விழுகின்றன? நண்பரிடம் கேட்டேன், அவர் வெளிக்கோடு முழுவதையும்தான் எண்ணியிருக்கிறார்.

பதில் 1:
அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. இனிமேல் கண்ணை நம்பாமல் புள்ளி முறைக்கு மாறுங்கள். சட்டத்தின் ஓரத்திலிருந்து 5 செ.மீ. விட்டு, பிறகு 10 செ.மீ.க்கு ஒன்றாக இரண்டு திசையிலும் பத்துப் பத்து நூல் கட்டினால் 100 சந்திப்புகள் வரும். ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியை நேர்செங்குத்தாக இறக்கி, முனை தொட்ட சிற்றினங்களை எழுதுங்கள், ஒரு தொடுகைக்கு 1 சதவீதம். கம்பி தடித்தால் மூடல் கூடுதலாகக் காட்டும். காற்று அடிக்கும்போது இலை ஆடும், விடியற்காலையில் போவது நல்லது. அரிதான சிறு செடிகள் புள்ளிகளில் தவறிவிடும், ஆகவே சட்டத்தை முழுக்கத் தேடி அவற்றின் பெயரைத் தனியாக எழுதுங்கள். இது மெதுவான வேலைதான், ஆனால் ஆள் மாறினாலும் எண் பெரிதாக மாறாது.

கேட்டவர்:
பழைய இரண்டு சுற்றையும் தூக்கிப் போட்டுவிடவா?

பதில் 3:
வேண்டாம். மூடல் எண்களைத்தான் ஒப்பிட முடியாது. எந்தச் சட்டத்தில் எந்தச் சிற்றினம் இருந்தது என்ற பட்டியல் இருவரிடமும் இருக்குமே? இருவரும் செடிகளைச் சரியாக அடையாளம் கண்டிருந்தால், ஒரு சிற்றினம் 24ல் எத்தனை சட்டங்களில் வந்தது என்ற அலைவெண்ணை இரண்டு சுற்றுக்கும் தாராளமாக ஒப்பிடலாம். சட்டத்தின் அளவை மட்டும் மாற்றிவிடாதீர்கள், பெரிய சட்டத்தில் அலைவெண் தானாகவே கூடிவிடும்.

கேட்டவர்:
பட்டியல் இரண்டு சுற்றுக்கும் இருக்கிறது. இன்றே எண்ணுகிறேன், மிக்க நன்றி.