தோற்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் மாணவன்: என்ன விதி எழுதுவது?

ஞாயிறு ஆட்டம், கும்பகோணம்:

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரடங்குக் காலத்தில் இணையத்தில் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை இன்றுவரை விடாமல் நடத்திவருகிறேன். இப்போது 34 பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 நொடி கூடுதல். பரிசு பெரிதல்ல; ஆண்டுக் கடைசியில் ஒரு மரப்பலகையும் காய்களும்.

ஒரு மாணவன், 13 வயது. நன்றாக ஆடுவான். ஆனால் அவன் நிலை கெட்டுவிட்டால் பெயருக்குப் பக்கத்தில், இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணைந்துவிடுகிறது. சென்ற ஞாயிறு அவனுக்கு எதிரே ஆடியவள் 10 வயதுச் சிறுமி. 23ஆம் நகர்த்தலில் அவனுடைய யானையை வெட்டினாள். உடனே இணைப்பு போனது. அவன் கடிகாரத்தில் 11 நிமிடம் மீதி இருந்தது. அந்தப் பெண் திரையை விட்டு எழவே இல்லை, தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை என்று அவள் அப்பா சொன்னார். 20 நொடி மிச்சம் இருக்கும்போது அவன் திரும்பி வந்து ஒரு காயை நகர்த்தினான். பதறிப்போய் அவள் ராணியைப் பறிகொடுத்தாள். ஆட்டம் சமனில் முடிந்தது.

கேட்டால் "மின்சாரம் போய்விட்டது, சார்" என்கிறான். எங்கள் பக்கம் மின்சாரம் போவதும் உண்மைதான். பொய் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அடுத்த ஞாயிற்றுக்குள் ஒரு விதி எழுதியாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நீலச்சிப்பாய்:

ஐயா, துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பாதியில் விட்டுப் போனால் முதல் முறை 30 நிமிடம் ஆட முடியாது. அடுத்து 2 மணி நேரம், பிறகு 24 மணி நேரம், பிறகு 7 நாள். ஒழுங்காக இருந்தால் தண்டனைப் படி மெல்ல இறங்கும். காரணம் எதுவென்று யாரும் கேட்பதில்லை. நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது அங்கிருந்த மோசமான இணைப்பால் 24 மணி நேரப் படி வரை போயிருக்கிறேன். கோபம் வந்தது. ஆனால் என்னுடன் அணியில் இருந்த நான்கு பேருடைய ஆட்டமும் என்னால்தானே கெட்டது? அதனால் இணைப்பு சரியாகும்வரை தரவரிசை ஆட்டத்துக்கே போகவில்லை. நீங்களும் அப்படியே வையுங்கள். துண்டித்தால் தோல்வி, மூன்று முறை துண்டித்தால் ஒரு மாதம் வெளியே.

பூம்பாறை:

தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. நாங்கள் இருப்பது கொடைக்கானல் மலையில். என் மகள் என் கைபேசியில்தான் ஆடுகிறாள். மழை பெய்தால் சமிக்ஞை போய்விடும். நடுவில் யாராவது என்னை அழைத்தாலும் ஆட்டம் பின்னால் போய் இணைப்பு அறுந்துவிடும். மூன்று முறைக்கு ஒரு மாதம் என்றால் ஜூலை முழுக்க அவள் ஆடவே முடியாது. அவள் செய்த தவறு என்ன?

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடக்கிறது. 2020இல் ஓர் இணையப் போட்டியின் அரையிறுதியில் சீன வீரர் டிங் லிரெனின் இணைப்பு போய், கடிகார நேரம் தீர்ந்து தோற்றார். எதிரே ஆடிய அப்போதைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் அந்த வெற்றியை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ராணியைக் கொடுத்துத் தோல்வியை ஏற்றுக்கொண்டார். இதை நான் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மணிக்கூண்டு:

தொலைபேசித் துறையில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராக உட்காருகிறேன். இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

ஒரே ஒரு துண்டிப்பை வைத்து எண்ணத்தைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். முடியாது. உலாவியை மூடினால் அது சேவையகத்துக்கு, அதாவது ஆட்டத்தை நடத்தும் தளத்தின் கணினிக்கு, ஒரு விடைபெறும் செய்தி அனுப்பிவிட்டுப் போகும். மின்சாரம் போனாலோ சமிக்ஞை அறுந்தாலோ அந்தச் செய்தி வராது. மறுமுனை வெறும் மௌனம்தான். சேவையகம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஆள் போய்விட்டதாக முடிவு செய்யும். இந்த அளவுக்கு வேறுபாடு தெரியும். ஆனால் விவரம் தெரிந்த பையன் உலாவியை மூட மாட்டான், மோடத்தின் மின்கம்பியைப் பிடுங்குவான். மறுமுனையிலிருந்து பார்த்தால் அதுவும் மின்வெட்டும் ஒன்றேதான். வீட்டு இணைப்பிலிருந்து கைபேசி இணைப்புக்கு மாறினாலும் பழைய தொடர்பு அறுந்து புதிதாகத்தான் ஏற்பட வேண்டும். அதில் யாருடைய குற்றமும் இல்லை.

ஆகவே இரண்டு கேள்விகளையும் பிரித்துவிடுங்கள். இந்த ஆட்டத்தின் முடிவு என்ன என்பது ஒன்று. அதைக் கடிகாரம் சொல்லட்டும். நேரில் ஆடும்போது ஒருவர் பலகையை விட்டு எழுந்து போய்விட்டால், ஏன் போனார் என்று விசாரித்துக்கொண்டா கடிகாரத்தை ஓடவிடுகிறோம்? அது பாட்டுக்கு ஓடுகிறது, நேரம் தீர்ந்தால் தோல்வி. நடுவர் இரக்கப்பட்டு இதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் மாதத்து இணையச் சதுரங்க ஒலிம்பியாடைப் பாருங்கள். காலிறுதியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரர் ஒருவரின் இணைப்பு போனது, நேரத்தில் தோற்றார். முறையீடு தள்ளுபடியானது. ஆர்மீனியா போட்டியிலிருந்தே விலகியது. ஆகஸ்ட் 30 இறுதிப் போட்டியில் நம் வீரர்கள் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் அதேபோல் இணைப்பு இழந்து நேரத்தில் தோற்றார்கள். அன்று உலகம் முழுக்கப் பல இடங்களில் இணையம் தடைப்பட்டிருந்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, இந்தியா, ரஷ்யா இரண்டையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தது. தங்கம் நமக்கும் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஆர்மீனியப் பிள்ளையின் இடத்தில் இருந்து பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரே வாரத்துக்குள் ஒரே வகைத் துண்டிப்புக்கு இரண்டு தீர்ப்பு.

நடத்தை என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு ஒரு குறிப்பேடு போடுங்கள். ஒவ்வொரு துண்டிப்புக்கும் மூன்று விவரம்: அப்போது பலகையில் யார் கை ஓங்கியிருந்தது, கடிகாரத்தில் எவ்வளவு இருந்தது, எத்தனை நேரத்தில் திரும்பினார். மழைக்கு யார் ஜெயிக்கிறார் என்று தெரியாது. மோசமான இணைப்பு ஜெயிக்கும் ஆட்டத்திலும் அறுக்கும், தோற்கும் ஆட்டத்திலும் அறுக்கும், பிள்ளை பதறி அடித்துக்கொண்டு உடனே திரும்பி வரும். தோற்கும்போது மட்டும் போய், கடைசி நொடியில் திரும்புகிற மின்சாரம் கிடையாது.

லீசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் சாதாரண ஆட்டங்களில் எதிராளி போய்விட்டால் சிறிது நேரம் கழித்து வெற்றி கோரும் வசதி வருகிறது. அதையும் தாண்டி, அடிக்கடி விட்டுப்போகிறவர்களையும் நேரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பவர்களையும் எண்ணிப் பார்த்துத்தான் சிறிது காலம் ஆட விடாமல் நிறுத்துகிறார்கள். நீங்கள் கையால் செய்யப்போவதும் அதுவே.

ஞாயிறு ஆட்டம்:

ஐயா, நன்றி. பழைய ஆட்டங்களை நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 42 ஆட்டத்தில் அவன் 5 முறை போயிருக்கிறான். ஐந்திலும் ஒரு காயாவது குறைவு. நான்கில் அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது திரும்பியிருக்கிறான். என்னிடம் படிக்கும் வால்பாறைப் பையன் ஒருவன் 9 முறை போயிருக்கிறான். அதில் 4 முறை அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் ஓரிரு நிமிடத்தில் வந்துவிட்டான். பூம்பாறை அம்மா சொன்னது என் கண் முன்னாலேயே இருக்கிறது. மூன்று முறை என்ற கணக்கை வைத்திருந்தால் வால்பாறைப் பையன்தான் முதலில் வெளியே போயிருப்பான்.

அவனையும் அவன் அம்மாவையும் புதன்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறேன். மற்ற பிள்ளைகள் முன்னால் கேட்கப்போவதில்லை. குறிப்பேட்டைக் காட்டி, நான்கு ஞாயிறு ஆட வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். பயிற்சிக்கு வரலாம். முடிந்துபோன அந்தச் சமனை மாற்ற முடியாது என்று சிறுமியிடமும் நானே சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. 11 நிமிடம் ஒரு குழந்தையைக் காக்கவைத்ததற்கு விதியில் எதுவும் செய்ய வழி உண்டா?

மணிக்கூண்டு:

உண்டு. நேரத்தைக் குறையுங்கள். 10 நிமிடம், 5 நொடி. அப்போது யார் போனாலும் பெரும்பாலும் இவ்வளவு நேரம் காக்கவைக்க முடியாது. எதிராளி போய்விட்டால் எழுந்து போகாமல் கடிகாரத்தின் கடைசி ஒரு நிமிடத்தில் முழுக் கவனத்துடன் தயாராக இருக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுங்கள். நேரில் ஆடும்போது எழுதுவதுபோல் காகிதத்தில் நகர்த்தல்களை எழுதவும் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அடுத்து ஆட நினைப்பதை மனத்துக்குள் பார்த்துவைத்திருந்தால் அந்தப் பெண் ராணியைக் கொடுத்திருக்க மாட்டாள்.