கைப்பிடி அரிசி

குழு: சாத்தான்குளம் குடும்பம்
ஞாயிறு

பெரியம்மா: தம்பி, இன்றைக்குக் கோயிலுக்குப் போனாயா? நம்ம சபைக் குருவானவர் ஐயர் விசாரித்தார். சென்னை போய் நாலு மாசம் ஆயிற்றே, எந்தச் சபையில் சேர்ந்திருக்கிறான் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தம்பி: இல்லை பெரியம்மா. நைட் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வரவே ஏழு மணி ஆகிவிடுகிறது. போனில் ஆராதனை பார்த்துவிடுகிறேன். நல்ல பிரசங்கமாகத் தேடித்தான் கேட்கிறேன்.

பெரியம்மா: கேளு ராசா, வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியப்பா பாளையங்கோட்டையில் 19 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கும் போன்தான் துணை. ஆனால் இங்கே கோயிலில் தூண் பக்கத்தில் என் இடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டுச் சபைப் பெண்கள் சங்கத்தார் வீட்டுக்கே போயிருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா மாட்டைக் கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றி, கணக்கை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி எடுத்துப் போடுகிற காணிக்கை அரிசி டப்பா நிறைந்திருக்கிறது. நான் உலை வைக்காத நாளுக்கும் எனக்காக அவள் வீட்டு அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன்.

அம்மா: எனக்கு இப்பவும் கண் கலங்குகிறது அக்கா.

சித்தப்பா: நம்ம பக்கத்து முதலூரை நினைத்துப் பார் தம்பி. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவரவர் ஊரில் இருக்க முடியாமல் தவித்தபோது, 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் அவர்களை ஒரே இடத்தில் குடியேற்றினார். சேர்ந்து இருந்ததால்தான் நிலைத்தார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் சீயோன் ஆலயம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அங்கே குருவானவராக இருந்த சத்தியநாதன் ஐயர் நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர். போய்ப் பார்.

தம்பி: அது ரூமுக்குப் பக்கம்தான் சித்தப்பா. ஒரு தடவை வாசல் வரை போனேன். யாரையும் தெரியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் திரும்பி வர மனசு வரவில்லை.

அம்மா: நீ இங்கே கோயில் பாட்டுக் குழுவில் டெனர் குரல் பாடினவன்தானே! அங்கே கொயரில் சேர முடியுமா என்று கேளு. பயிற்சிக்கு ஒரு நாள் போகாவிட்டாலும் போன் பண்ணுவார்கள்.

சித்தப்பா: சரியான யோசனை. சாயங்கால ஆராதனை இருக்கிறதா என்று நான் விசாரிக்கிறேன். ஐயரிடம் சபை மாற்றக் கடிதமும் வாங்கி அனுப்புகிறேன்.

தம்பி: சரி சித்தப்பா, அடுத்த ஞாயிறு போகிறேன்.

(இரவு 9.40)

தம்பி: பெரியம்மா, தூங்கியாச்சா? ரூமில் மூன்று பேருக்கு நான்தான் சமைக்கிறேன். கைப்பிடி அரிசி எப்போது எடுக்க வேண்டும்?

பெரியம்மா: டம்ளரில் அளந்த அப்புறம் அதிலிருந்து எடு. மூட்டையிலிருந்து எடுக்காதே. அன்றைக்கு நாம் சாப்பிடுகிறதில் குறைய வேண்டும். எடுக்கும்போது ஒருத்தர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணு.

தம்பி: எதில் போட்டு வைக்க?

பெரியம்மா: ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் போதும். ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்.

தம்பி: இருக்கிறது பெரியம்மா. இப்போதே கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன்.