மும்பை மாட்டுங்காவில் மட்டும் இவ்வளவு மரம் எப்படி? நம் தமிழர்கள் அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி?

தெலங் ரோடு பேரன்:
எங்கள் பில்டிங் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது. பரணை ஒழித்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1930களின் வாடகை ரசீதுக் கட்டு ஒன்று கிடைத்தது, சணல் கயிறு போட்டுக் கட்டி, ஒரு மாதம்கூட விடாமல். ஒவ்வொன்றிலும் ஸ்கீம் நம்பர், மனை நம்பர் என்று அச்சடித்திருக்கிறது. தாத்தா பாலக்காட்டிலிருந்து டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு ரயிலேறி வந்தவர், தென் மும்பையின் ஆபீஸ் பகுதியான ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கிளார்க். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வரலாறு. ஃபோர்ட்டில் வேலை செய்தவர் பக்கத்திலிருக்கும் கிர்காவில் குடியிருக்காமல் அப்போது ஊருக்கு வெளியே இருந்த மாட்டுங்காவுக்கு ஏன் வந்தார்? தாதரைத் தாண்டினால் தெருவுக்குத் தெரு நிழலாக இருக்கிறதே, அது தானாக வளர்ந்ததா, யாராவது திட்டம் போட்டு நட்டதா? விவரம் தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள். அப்பாவைக் கேட்டால் “எல்லாரும் வந்தா, நாங்களும் வந்தோம்” என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

ரிடையர்ட் இன்ஜினியர், வடாலா:
தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் பிளேக்கில் ஆரம்பிக்கிறது. 1896-ல் மாண்ட்வி பக்கம் பிளேக் வந்து, பம்பாயை விட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசல்தான் காரணம் என்று அரசாங்கம் முடிவு கட்டி, 1898-ல் பாம்பே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டை அமைத்தது. (எலியையும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியையும் அப்போது யாரும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, ஆனால் அந்தத் தப்புக் கணக்கால் நமக்கு நல்ல தெருக்கள் கிடைத்தன.) டிரஸ்ட் ஒரு பக்கம் பழைய பேட்டைகளை இடித்து ரோடு போட்டது, மறு பக்கம் வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்து வயலையும் மேட்டையும் எடுத்து மனை போட்டது. உங்கள் ரசீதில் இருக்கும் ஸ்கீம் நம்பர் அதுதான்.

மனையை டிரஸ்ட் விற்கவில்லை, நீண்ட காலக் குத்தகைக்குத்தான் விட்டது, அதனால் நிபந்தனை போட முடிந்தது. கட்டடத்தைச் சுற்றி இவ்வளவு இடம் விடவேண்டும், இத்தனை மாடிக்கு மேல் கூடாது. சேர்மனாக இருந்த ஓர் (Orr) என்ற ஐசிஎஸ் அதிகாரிக்கு அறுபத்து மூன்றரை டிகிரி என்ற கணக்கில் ஒரு பித்தே உண்டு. கீழ்த்தள ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்து உச்சியைப் பார்த்தால் அந்தக் கோணத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது நாற்பதடிச் சுவருக்கு எதிரே இருபதடி வெட்டவெளி. மாட்டுங்காவில் இரண்டு பில்டிங்குக்கு நடுவே மாமரமும் பலாவும் நிற்கிறதென்றால் அந்த இடைவெளி விட்டதால்தான். ரோட்டோரத்தில் நிற்கிற தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் வேறு கதை, அவை திட்டம் போட்டு வைத்தவை. பக்கத்துப் பார்சி காலனியில் இதை இன்னும் சிரத்தையாகச் செய்தார்கள். டிரஸ்ட்டிலேயே இன்ஜினியராக இருந்த மஞ்சேர்ஜி ஜோஷி, நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்கென்று மனைகளை ஒதுக்க வைத்து, மரங்களும் வைக்கச் செய்தார். அங்கே இருக்கும் ஃபைவ் கார்டன்ஸ் என்ற ஐந்து பூங்காக்களுக்கு இன்று அவர் பெயர்தான்.

செம்பூர் அத்தை:
பெரியவர் மனைக் கதையைச் சொல்லிவிட்டார், நான் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். கிர்காவ் சாலில் (வரிசையாக ஒற்றை ரூம்கள் உள்ள பழைய கட்டடம்) ஒரே ரூம், குழாயும் கக்கூஸும் பொது. மாட்டுங்காவில் முப்பதுகளில் கட்டியவர்கள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குளியலறை, கழிப்பறை எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். மடி, ஆசாரம் என்று பார்க்கிற நம் பாட்டிகளுக்கு இதுதான் பெரிய ஈர்ப்பு, கூடவே பெரிய சங்கடமும். வீட்டுக்குள்ளேயே கக்கூஸா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எங்கள் பில்டிங்கில் அதைச் சமையலறைக்கு எதிர்க்கோடியில் வைத்து, சுத்தம் பண்ண வருபவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்துபோக பின்பக்கம் சுருள் இரும்புப் படி போட்டிருந்தார்கள். நாங்கள் குழந்தைகள் அதில் ஏறி விளையாடினால் அடி விழும். அந்தப் படி எதற்கு என்று விவரம் தெரிந்த வயதில்தான் புரிந்தது.

அப்புறம், முதலில் வந்தவர் ஒண்டிக்கட்டை, மெஸ்ஸில் சாப்பாடு. வேலை நிலைத்ததும் ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு வருவார், பின்னாலேயே மச்சினன், சித்தப்பா பிள்ளை, ஒன்றுவிட்ட அத்தான் என்று ஒவ்வொருவராக வந்து கூடத்தில் பாய் போட்டுப் படுத்து வேலை தேடுவார்கள். ஆள் சேர்ந்ததும் பஜனை சமாஜம், ஆஸ்திக சமாஜம் வந்தாயிற்று. பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று 1932-ல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி. நாற்பதுகளில் கஃபே மெட்ராஸ், ராம நாயக் உடுப்பி. 1963-ல் ஷண்முகானந்தா ஹால், அது 1990-ல் எரிந்துபோய் 1998-ல்தான் மறுபடி திறந்தது, அந்த எட்டு வருஷமும் பாட்டுக் கேட்காமல் அப்பா பட்ட பாடு தனிக் கதை.

உங்கள் அப்பா சொல்வது சரிதான், எல்லாரும் வந்தார்கள். ஆனால் எல்லாரும் இருக்கவில்லை. இடம் பற்றாமல் அறுபதுகளிலேயே நாங்கள் செம்பூர் வந்துவிட்டோம், சிலர் முலுண்ட், டோம்பிவிலி.

தாராவிப் பையன்:
அத்தை, “எல்லாரும்” என்றீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு எங்கள் ஆட்கள் வந்தது உங்கள் பில்டிங்குகளுக்கு முன்பு. ஆதிதிராவிடர் வைத்த பிள்ளையார் கோயில் 1913-லிருந்து இருக்கிறது. அதே ஊர், அதே மொழி, டிரஸ்ட்டின் கோணக் கணக்கு மட்டும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சுருள் படியில் ஏறியவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று உங்கள் பில்டிங்கில் யாராவது கேட்டிருப்பார்களா? குடும்ப வரலாறு எழுதுகிற பேரன், அதையும் சேர்த்து எழுதினால் நல்லது. 1966-ல் சிவசேனா தொடங்கியதற்கு அப்புறம் “மதராஸி” என்று திட்டி அடிக்க வந்தவன் தெரு பார்த்து அடிக்கவில்லை, அன்றைக்கு மட்டும் நாம் எல்லாரும் ஒன்று.

செம்பூர் அத்தை:
நியாயமான கேள்வி தம்பி. யாரும் கேட்டதில்லை, எனக்குப் பெயர்கூடத் தெரியாது.

தெலங் ரோடு பேரன்:
எல்லாருக்கும் நன்றி. தாராவி அண்ணா, கட்டாயம் எழுதுகிறேன். இன்னொரு சந்தேகம். நாங்கள் வெறும் வாடகைக்காரர்கள், வாடகையோ அபத்தமாகக் கம்மி. இத்தனை வருஷம் எப்படி விட்டுவைத்தார்கள்? பில்டர் வரைபடத்தில் காம்பவுண்டு மரங்களைக் காணோம், அதைத் தடுக்க வழி உண்டா?

ரிடையர்ட் இன்ஜினியர், வடாலா:
1947-ன் பாம்பே வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் என்ன வாடகையோ அதையே அடிப்படையாக வைத்துக் கட்டிப்போட்டது. வீட்டுக்காரருக்கு ரிப்பேர் பண்ணக் காசில்லை, மனசுமில்லை. குடியிருப்பவரைக் கிளப்பவும் முடியாது. அதனால் பால்கனிக் கம்பி துருப்பிடித்தாலும் குடும்பமும் மரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. உங்கள் மாதிரி குடும்பங்களை மூன்று தலைமுறை மாட்டுங்காவில் நிறுத்தியது அந்தச் சட்டம்தான் என்பது என் கட்சி, வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். இப்போது மேலே எவ்வளவு எழுப்பலாம் என்பதுதான் கணக்கு, வண்டி நிறுத்தும் இடம் கீழே வந்துவிடுகிறது, வேருக்கு மண் எங்கே?

மரத்துக்கு 1975-ன் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாநகராட்சியின் மர ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது. வெட்டுவதற்கு முன் மரத்திலேயே நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஆட்சேபத்தை எழுத்தில், கெடுவுக்குள் கொடுக்கவேண்டும். முதலில் ஒவ்வொரு மரத்தையும் பில்டிங்கோடு சேர்த்து போட்டோ எடுத்து வையுங்கள். டிரஸ்ட் 1933-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் குத்தகைப் பத்திரம் மாநகராட்சியின் எஸ்டேட் பிரிவில் கேட்கவேண்டிய விஷயம், ரசீதில் இருக்கும் ஸ்கீம் நம்பரையும் மனை நம்பரையும் எழுதிக் கொண்டுபோங்கள். ரசீதுக் கட்டை பில்டர் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.