டிஜி-6 உடன் வெளி ஸ்ட்ரோப்: கலங்கல் தண்ணீரில் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி

ஈஷுன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன், போன வருடம்தான் ஓப்பன் வாட்டர் டைவிங் பயிற்சி முடித்தேன். என்னிடம் ஒலிம்பஸ் டிஜி-6 கேமராவும், தண்ணீருக்குள் கொண்டுபோக அதற்கான பிடி-059 ஹவுசிங்கும் (நீர்புகா உறை) இருக்கின்றன. கேமராவின் சொந்த ஃபிளாஷில் எடுத்த படங்கள் திருப்தியாக இல்லாததால் ஸீ அண்ட் ஸீ ஒய்எஸ்-டி2 ஸ்ட்ரோப் (வெளியே மாட்டும் கடலடி ஃபிளாஷ்) ஒன்றைப் பழசாக வாங்கி, ஒரு ட்ரே, ஒரே ஆர்ம், கேமரா ஃபிளாஷின் மின்னலை ஸ்ட்ரோப்புக்குக் கடத்தும் ஃபைபர் கேபிள் எல்லாம் மாட்டிக்கொண்டு சனிக்கிழமை புலாவ் ஹந்து தீவில் இறங்கினேன். மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

இரண்டு பிரச்சினைகள். நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) நன்றாகவே ஃபோகஸ் ஆகியிருக்கிறது, ஆனால் அதைச் சுற்றிப் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். பவரைக் கூட்டினால் புள்ளிகளும் கூடுகின்றன. அடுத்தது, மெனுவில் ஃபிளாஷ் அமைப்பை மாற்றி மாற்றி எடுத்ததில் பல படங்கள் ஒரே இருட்டு. ஸ்ட்ரோப் மின்னியதைக் கண்ணால் பார்த்தேன், படத்தில் மட்டும் வெளிச்சம் இல்லை. இன்னொரு ஸ்ட்ரோப் வாங்கினால் சரியாகுமா?

சிலிண்டர்:
ஹந்துவில் ஸ்ட்ரோப்போடு மல்லுக்கட்டுவதை விட நல்ல வீடியோ லைட் ஒன்று வாங்கிவிடுங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று எடுப்பதற்கு முன்பே தெரியும். எனக்கு அதுதான் வசதியாக இருக்கிறது.

முத்துக்குளி:
தம்பி, இன்னொரு ஸ்ட்ரோப் வேண்டாம். இருப்பதை வைக்கும் இடத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். நான் தூத்துக்குடிக்காரன், இங்கே வேலைக்கு வந்த பிறகு பெரும்பாலும் ஹந்துவில்தான் படம் எடுக்கிறேன். அந்தத் தண்ணீரைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். எதிரே புக்கோம் தீவின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, சுற்றிலும் கப்பல் போக்குவரத்து, பல பத்தாண்டுகளாகக் கடலை நிரப்பியும் தூர்வாரியும் கிளப்பிய வண்டல். இவ்வளவுக்கும் நடுவே அங்கே பவளமும் கடல்குதிரையும் விதவிதமான நுடிபிராங்குகளும் வாழ்கின்றன. அதனால் அந்த இடத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

முதலில் இருட்டுப் படம். கேமரா ஃபில்-இன் (ஒவ்வொரு படத்துக்கும் மின்னும்) ஃபிளாஷில் இருந்தால் உண்மையான மின்னலுக்கு முன்னால் வெளிச்சத்தை அளக்க ஒரு முன்மின்னல் விடும். ஸ்ட்ரோப் "முன்மின்னல் இல்லை" என்ற மேனுவல் நிலையில் இருந்தால் அந்த முதல் மின்னலுக்கே வெடித்துவிடும். ஷட்டர் திறக்கும் நேரத்தில் அதனிடம் கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. நீங்கள் கண்ணால் பார்த்தது அதைத்தான். ஒய்எஸ்-டி2-இல் இதற்கென்றே இரண்டு மேனுவல் நிலைகள் உண்டு. ஒரு மின்னல் குறி போட்டது முன்மின்னல் இல்லாத கேமராவுக்கு, இரண்டு மின்னல் குறி போட்டது முன்மின்னல் விடும் கேமராவுக்கு. ஒன்று, கேமராவை ஃபில்-இன்னில் விட்டு ஸ்ட்ரோப்பை இரட்டைக் குறிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் டிஜி-6-இன் ஃபிளாஷ் மெனுவில் ஸ்லேவ் என்று ஒன்று இருக்கிறது, அதில் 1/64 (முழுச் சக்தியில் 64-இல் ஒரு பங்கு) வைத்து ஸ்ட்ரோப்பை ஒற்றைக் குறியில் வையுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். உள் ஃபிளாஷ் சிறிதாக மின்னுவதால் சீக்கிரம் தயாராகும், கேமரா பேட்டரியும் நாள் முழுக்கத் தாங்கும். ஸ்ட்ரோப்பை வெடிக்க வைக்க அந்தச் சிறு வெளிச்சம் போதும்.

இப்போது புள்ளிகள். தண்ணீரில் மிதக்கும் துகள்தான் புள்ளியாகத் தெரிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எல்லாத் துகளும் படத்தில் வராது. லென்ஸுக்கும் நுடிபிராங்குக்கும் இடையில் உள்ள தண்ணீரில் வெளிச்சம் பட்டால்தான் அங்கிருக்கும் துகள் மின்னும். அந்த இடைத்தண்ணீரை இருட்டாக வைத்துக்கொண்டு பிராணியின் மேல் மட்டும் வெளிச்சம் விழச் செய்ய வேண்டும். பவரைக் கூட்டினால் துகளும் சேர்ந்துதான் ஒளிரும்.

நீங்கள் ஸ்ட்ரோப்பை நேராக நுடிபிராங்கைப் பார்த்துத் திருப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் கை அப்படித்தான் போகும். ஸ்ட்ரோப்பிலிருந்து வெளிச்சம் கூம்பாக விரிகிறது, ஒய்எஸ்-டி2-க்கு அந்த விரிவு சுமார் 100 டிகிரி. இவ்வளவு அகலமான கூம்பின் நடுப்பகுதி நமக்குத் தேவையே இல்லை, ஓரம் போதும். ஆர்மை மடக்கி ஸ்ட்ரோப்பை ஹவுசிங்கின் இடது மேல் மூலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் முகம் லென்ஸ் போர்ட்டுக்கு, அதாவது ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னால் உள்ள கண்ணாடிப் பகுதிக்கு, சற்றுப் பின்னால் நிற்கட்டும். பிறகு வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள். பிராணியின் மேல் வெளிச்சமே விழாது என்று தோன்றும், ஆனால் விழும். ஒரு படம் எடுத்துப் பாருங்கள், இருட்டாக இருந்தால் ஒரு விரல் அளவு உள்ளே திருப்புங்கள். இதைத் தண்ணீருக்குள் போய்க் கற்க வேண்டியதில்லை. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு மேசையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, ஹவுசிங்கோடு எடுத்துப் பழகுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, வெளிச்சத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று கைக்குப் பிடிபட்டுவிடும்.

தூரமும் முக்கியம். மைக்ரோஸ்கோப் மோடில் டிஜி-6 ஒரு சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் செய்யும் என்று எல்லோரும் போர்ட்டைப் பிராணியின் மேலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அப்போது போர்ட்டின் நிழலே அதன் மேல் விழும், ஸ்ட்ரோப் வெளிச்சம் நுழைய வழியிருக்காது. ஜூமை முழுக்க இழுத்துவிட்டு அரைச் சாண் தூரத்தில் நில்லுங்கள். வெளிச்சத்துக்கும் வழி கிடைக்கும், பிராணியும் மிரளாது. பெரிய மீனை எடுப்பதென்றாலும் ஹந்துவில் ஒரு கை நீளத்துக்கு மேல் எட்ட நினைக்காதீர்கள்.

உள் ஃபிளாஷின் வெளிச்சம் ஹவுசிங்கின் முன்பக்கம் கசிகிறதா என்றும் பாருங்கள். அது லென்ஸை ஒட்டியே இருப்பதால் இடைத்தண்ணீரில் நேராக அடிக்கும். ஸ்ட்ரோப்பைச் சரியாக வைத்த பிறகும் புள்ளி போகவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஃபைபர் கேபிள் முனை தவிர மற்ற இடத்தைக் கறுப்பு டேப்பால் மூடினால் போதும்.

வெள்ளைச் சமநிலையைக் கடலடி அமைப்பில் வைத்திருந்தால் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்குவதால் அந்த அமைப்பு படத்தில் சிவப்பைக் கூட்டும். பக்கத்தில் பிடித்த ஸ்ட்ரோப்பின் வெளிச்சத்தில் சிவப்பு ஏற்கெனவே இருப்பதால், இரண்டும் சேர்ந்தால் மணல்கூட ரோஸ் நிறமாகிவிடும்.

சிலிண்டர் சார் சொன்ன வீடியோ லைட் ஃபோகஸுக்குக் கட்டாயம் உதவும், சின்னதாக ஒன்று மேலே மாட்டுங்கள். படத்துக்கான வெளிச்சத்தை அதை மட்டும் நம்பி எடுத்தால் ஷட்டர் மெதுவாகும் அல்லது ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறும். நீரோட்டத்தில் ஆடும் பிராணியை உறைய வைக்க ஸ்ட்ரோப்பின் நொடிப்பொழுது மின்னல்தான் வேண்டும்.

இன்னொன்று. புள்ளிகளில் ஒரு பங்கு நம் துடுப்பு கிளப்பியதாக இருக்கும். ஹந்துவின் அடித்தரை மாவு போன்ற சேறு. காலை மேலே மடக்கி, தவளை போல் உதைக்கும் ஃப்ராக் கிக் போடுங்கள், நீரோட்டத்துக்கு எதிராக நகர்ந்து பிராணியிடம் போங்கள், கிளம்பிய சேறு பின்னால் போய்விடும். படத்துக்காகப் பவளத்தின் மேல் முட்டி போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒரே இடத்தில் மிதந்து நிற்க வரவில்லை என்றால் ஒரு டைவ் கேமராவைப் படகிலேயே வைத்துவிட்டு அதை மட்டும் பழகுங்கள்.

ஈஷுன்வாசி:
மிக்க நன்றி அண்ணா. நேற்று இரவு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தேன். ஸ்லேவ் மோடில் ஒரு படம்கூட இருட்டாக வரவில்லை. உள் ஃபிளாஷும் நீங்கள் சொன்ன மாதிரியே கசிந்தது, டேப் ஒட்டிவிட்டேன். ஒரு சந்தேகம்: கடல்குதிரையை ஸ்ட்ரோப்பில் எடுக்கலாமா? படகில் ஒருவர் அதற்குக் கண் போய்விடும் என்றார்.

முத்துக்குளி:
கண் போவதாக ஆய்வு காட்டவில்லை. 2019-இல் வந்த ஒரு ஆய்வில் கடல்குதிரை, தவளைமீன் போன்றவற்றை வைத்து இதைச் சோதித்தார்கள். ஃபிளாஷை விடக் கையால் தொடுவதும் நகர்த்துவதும்தான் அவற்றை அதிகம் பாதிக்கிறது என்று தெரிந்தது. அதனால் குச்சியால் திருப்பாதீர்கள், அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். நான் ஒரு கடல்குதிரைக்கு இரண்டு மூன்று மின்னலோடு நிறுத்திக்கொள்வேன். வெளிச்ச அளவை முன்பே பக்கத்துக் கல்லில் எடுத்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டால் அதற்கு மேல் தேவைப்படாது. டைவ் நடத்துபவர் ஃபிளாஷ் வேண்டாம் என்றால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

மணல்திட்டு:
பழைய ஸ்ட்ரோப் என்பதால் சொல்கிறேன், பேட்டரி மூடியின் ஓ-ரிங்கை (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றிவிட்டு இறங்குங்கள். ஒரு தலைமுடி சிக்கினால்கூட உப்புத்தண்ணீர் உள்ளே போய்விடும். நான்கு ஏஏ பேட்டரிக்கும் ரீசார்ஜபிள் நிக்கல் வகையே போடுங்கள், சாதாரண அல்கலைனை விட ஸ்ட்ரோப் சீக்கிரம் தயாராகும். மேலே வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, காய்ந்த பிறகு மூடியைத் திறங்கள். ஈரத்தோடு திறந்தால் ஓரத்தில் ஒட்டி நிற்கும் சொட்டு நேராக உள்ளே விழும்.