வெள்ளைச் சட்டையின் கக்கத்தில் மஞ்சள் கறை: போக வழி உண்டா?

மேலூர்க்காரன்:
வணக்கம். மதுரையில் ஜூனியர் வக்கீலாக இருக்கிறேன். வெள்ளைச் சட்டை, மேலே கறுப்புக் கோட்டு. கீழ்க்கோர்ட்டில் கோடைக்குக் கோட்டு கட்டாயமில்லை. உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகிற நாளில் சித்திரை வெயிலானாலும் போட்டே ஆகவேண்டும். மத்தியானம் கோட்டைக் கழற்றினால் இரண்டு கக்கமும் நனைந்திருக்கும்.

என்னிடம் ஆறு சட்டை இருக்கிறது. நான்கில் கக்கம் மஞ்சளாகி, தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. அம்மா பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டார். மஞ்சள் முன்னைவிட ஏறிவிட்டது. தினமும் குளித்து, வியர்வைக்கு ரோல்-ஆன் தடவிக்கொண்டுதான் கிளம்புகிறேன். சீனியர் முன்னால் மேல் தட்டிலிருந்து கேஸ் கட்டு எடுக்கக் கையைத் தூக்கவே கூச்சமாக இருக்கிறது. இப்போதைக்குப் புதுச் சட்டை வாங்கும் நிலையில் இல்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திண்டுக்கல் செல்வி:
கடைசி அலசலில் சொட்டு நீலம் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். எங்கள் வீட்டில் அதுதான்.

வேதியியல் டீச்சர்:
நீலம் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், கறை துணியிலேயே இருக்கும். தம்பி, நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். என் கணவரின் சட்டைகளில் இதே பாட்டைப் பட்டவள்.

முதலில் உங்கள் ரோல்-ஆன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். அலுமினியம் குளோரோஹைட்ரேட் என்று போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். வியர்வைத் துளையை அடைக்கிற உப்பு அது. அது வியர்வையில் உள்ள புரதத்தோடும் தோலின் எண்ணெயோடும் சேர்ந்து நூலுக்குள் இறங்கி இறுகுகிறது. நீங்கள் சொல்லும் அட்டை விறைப்புக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். சோப்பில் அது கரையாது. பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின், புரதம் படிந்த இடத்தை மேலும் மஞ்சளாக்கும். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், நானும் அதைத்தான் முதலில் செய்தேன்.

நான் செய்வது இது. சட்டையைப் பல தண்ணீர் மாற்றி நன்றாக அலசி, குளோரின் வாசனையே இல்லாமல் செய்துவிடுங்கள். இதில் அவசரம் வேண்டாம். குளோரினோடு வினிகர் சேர்ந்தால் நச்சு வாயு வரும். அப்புறம் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, கக்கப் பகுதியை மட்டும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். விறைப்பு இளகும். அந்தப் புளிப்பும் போக மறுபடி அலசுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு வழக்கமாக 6 சதவீதம் இருக்கும். அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதமாகும். அதில் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு பங்கு, சமையல் சோடா ஒரு ஸ்பூன். கையுறை போட்டுக்கொண்டு கறையில் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, முக்கால் மணி நேரம் விட்டு அலசுங்கள். தேவைக்கு மட்டும் கலக்குங்கள். மீதியைப் புட்டியில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

கறை முழுதும் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுவராதீர்கள். சூடு பட்டால் கறை இன்னும் இறுகிவிடும். இதெல்லாம் வெள்ளைப் பருத்திக்கு மட்டும். கலர் துணி வெளுத்துவிடும்.

மேலூர்க்காரன்:
டீச்சர், நன்றி. புட்டியில் நீங்கள் சொன்ன பெயரே இருக்கிறது. அப்படியானால் அதை விட்டுவிட்டுப் படிகாரம் தேய்க்கலாமா? சலூன் அண்ணன் சொன்னார்.

வேதியியல் டீச்சர்:
படிகாரமும் அலுமினிய உப்புதான், பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். உங்கள் ரோல்-ஆனையே வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தை மாற்றுங்கள். இரவு படுக்கும்முன் உலர்ந்த கக்கத்தில் மெல்லிசாகத் தடவுங்கள். ராத்திரி வியர்வை குறைவு, மருந்து உள்ளே பிடிக்கும். காலையில் குளித்தாலும் பலன் இருக்கும், சட்டையில் ஈரமாக ஒட்டாது.

ஊசியும் நூலும்:
தம்பி, நான் இருபது வருசமாக ஜாக்கெட் தைக்கிறேன். டீச்சர் சொன்னது கறை வந்தபின். வராமல் இருக்க, கை வைத்த பருத்தி பனியன் போடுங்கள். கையில்லாத பனியன் கக்கத்தில் எதையும் உறிஞ்சாது. வேட்டிக் கிழிசலோ பழைய பனியனோ இருந்தால் உள்ளங்கை அளவில் இரண்டு மடிப்பாக வெட்டி, கையும் உடம்பும் சேரும் தையலில் உள்பக்கமாக நான்கு இடத்தில் மட்டும் பிடித்துத் தையுங்கள். தினமும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். கல்யாண ஜாக்கெட்டுக்கு நான் அப்படித்தான் வைத்துத் தருகிறேன்.

இதைப் படிக்கும் அக்காமாருக்கும் ஒன்று. பட்டு ஜாக்கெட்டில் பெராக்சைடு, சோடா எதுவும் படவே கூடாது. விசேஷம் முடிந்து வந்த அன்று ராத்திரியே உள்பக்கத்தைத் திருப்பி, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் கக்கத்தில் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். வியர்வையோடு மடித்து பீரோவில் வைத்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு எடுக்கும்போது இழை இற்றுப்போய் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அம்மா கொடுத்த முகூர்த்த ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுத பெண்ணை எனக்கு மறக்கவில்லை. இற்றுப்போன பட்டை நான் என்ன செய்வது?

மேலூர்க்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மூன்று சட்டையில் கறை போய்விட்டது. ஒன்றுக்கு ஒரு தடவை போதும், இரண்டுக்கு இரண்டு தடவை ஆனது. நான்காவதில் லேசான நிழல் தெரிகிறது, அது பலமுறை இஸ்திரி பட்டது. அதைக் கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்கிறேன். அக்கா சொன்ன துண்டை அம்மாவே தைத்துத் தந்தார்.

இன்னொரு சந்தேகம். கோட்டின் கக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி வளையம் வருகிறது. அதற்கும் வினிகர்தானா?

ஊசியும் நூலும்:
கோட்டு என்ன துணி தம்பி? உள்ளே லேபிள் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள்.